நான்காவது வேலை

ஏரிக்கரை வேலமர நிழலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு மண்வெட்டி, ஆளுக்கொரு கூடை. நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கைப்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மூஞ்சி தெரியற மாதிரி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம். இரண்டிலும் முகம் இருந்தால்தான் அன்றைய கூலி.

கரையின் மறுகோடியிலிருந்து கோகிலவாணி ஓடிவந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தலையில் ஒரு வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருங்க, இருங்க, கோழி வந்துருச்சு! கோழி இல்லாம போட்டோ புடிச்சா ஏரிக்கு ஆவாதுங்க" என்றாள் குப்பாயி. ஐம்பத்தைந்து வயதுக்காரி. புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, வாய் மட்டும் நிறைய இருந்தது.

வரிசை முழுவதும் சிரித்தது. "மூக்கப் புடிச்சுக்கிட்டு நில்லுங்கடி. போட்டோவுல நாத்தம் தெரியாது" என்றாள் இன்னொருத்தி.

"நான் நாறறேன். பண்ணையிலிருந்து ஒடஞ்ச முட்டை கொண்டாந்து குடுத்தா மட்டும் உங்களுக்கு மணக்குதாக்கும்?" என்று கோகிலவாணியும் சிரித்துக்கொண்டே வரிசையில் புகுந்தாள். படம் எடுத்து முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு வாங்கினாள்.

ராசிபுரம் பக்கத்து அந்த ஊரில் கோகிலவாணியைப் போல ஓடுகிறவர்கள் நிறையப் பேர். அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடினாள், அவ்வளவுதான். விடியும் முன்பே கோழிப்பண்ணையில் தீவனம் போட்டு, முட்டை பொறுக்கி, அட்டைத் தட்டுகளில் அடுக்க வேண்டும். பிறகு ஏரிக்கு ஓடி, முதல் படம். மண் அள்ளுவதுபோல் அள்ளிவிட்டு, பொறுப்பாளருக்கு வாரம் ஒருமுறை கையில் வைப்பதை வைத்தால் நடுவில் ஒருதரம் பண்ணைக்குப் போய் வர அவர் விடுவார். மதியம் மறுபடி படம். சாயங்காலம் விசைத்தறியிலிருந்து வரும் துண்டுகளுக்கு ஓரத்து நூலை முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். அதை வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம் என்பதால் அவளும் ஊரும் அதை ஓய்வு என்றே சொன்னார்கள்.

அரசாங்கம் தரும் மகளிர் உரிமைத் தொகை ஒவ்வொரு மாதமும் வங்கிக்கு வந்தது. வந்த அன்றே போனது. நூறு நாள் கூலி பல வாரமாக வராமல் நின்றது. ரேஷன் அரிசியில் பாதியை மொபெட்டில் சாக்கோடு வருகிற ஆளுக்கு விற்றாள். அந்த அரிசி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். சில நாள் காலையில், தான் விற்ற அரிசியைத் தானே கோழிகளின் தொட்டியில் கொட்டியிருக்கிறாள். கோழிக்குக் கிடைத்த நாளில் வீட்டில் அரிசி அளந்துதான் போட வேண்டியிருந்தது.

எல்லாம் கடனுக்கு. கணவன் வேலுசாமி ரிக் லாரியில் வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை செய்தவன். சத்தீஸ்கரில் ஓர் ஊரில் இரும்புக் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்தது. அரசு காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. அட்டையில் அடங்காத செலவுக்கு அவள், பெண்கள் குழுவுக்கு வாரத் தவணையில் கடன் தரும் ஒரு கம்பெனியில் வாங்கினாள். அதைக் கட்ட இன்னொரு கம்பெனி, அதைக் கட்ட மூன்றாவது. அவர்கள் வீட்டில் கிழமைகளுக்கெல்லாம் கம்பெனிப் பெயராகிவிட்டது. வேலுசாமி இப்போது கட்டிலில் சாய்ந்தபடியே துண்டுக்கு முடிச்சுப் போடுவான். "பூமிய ஆயிரம் அடி தொளச்சவன் நூலுக்கு முடிச்சுப் போடறேன் பாரு" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். கூடச் சிரிக்க ஆள் இருக்காது.

ஒரே மகள் நிலா. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தாள். சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் என்பதால் பஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும் சமாளிக்கலாம். சேரும்போது கட்டும் பணத்துக்குத்தான் வழியில்லை. ஆடி பிறப்பதற்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

ஒரு வழி இருந்தது. செவ்வாய்க்கிழமைக் கம்பெனியின் கடன் முடியும் தறுவாயில் இருந்தது. "இன்னும் மூணே தவணைங்க்கா. உங்க குழுவுல ஒருத்தரும் தவறாம கட்டிட்டீங்கன்னா, அடுத்த லோன் பெருசாவே வந்துரும்" என்று வசூலுக்கு வரும் நவீன்குமார் சொல்லியிருந்தான். ஒருத்தர் தவறினாலும் குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் கிடையாது. கோகிலவாணி அந்த மூன்று செவ்வாய்க்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முத்தாயம்மாள் வீட்டுத் தகரக் கொட்டகையில் நடக்கும். முத்தாயம்மாள்தான் குழுத் தலைவி. சிறிய மளிகைக் கடை வைத்திருந்தாள். குரல் பெரியது. பெண்கள் தரையில் உட்கார, நவீன்குமார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவான். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவன், எல்லோரையும் அக்கா என்பான். முதலில் எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும். "தவணையைத் தவறாமல் கட்டுவோம். ஒருவருக்கு முடியாதபோது மற்றவர் துணை நிற்போம். குழுவின் நற்பெயரைக் காப்போம்." சொல்லி முடித்துவிட்டுப் பணத்தை எடுத்து முன்னால் வைப்பார்கள். முழுவதும் சேர்ந்தால் கை தட்டுவார்கள். சேராவிட்டால் யாரும் எழுந்து போக முடியாது. அது அந்தக் கம்பெனியின் வழக்கம்.

அன்று நான்கு பேர்தான் உறுதிமொழி சொன்னார்கள்.

"கயல்விழி அக்கா வரலீங்களா?" என்றான் நவீன்குமார்.

"ஊட்டுலதான் இருக்கறா. காத்தாலகூடப் பாத்தேன்" என்றாள் குப்பாயி.

நவீன்குமார் கைப்பேசியைப் பார்த்தான். "மேனேஜர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாருங்க்கா. இந்த சென்டர் கட்டலீன்னா என்ற சம்பளத்துலயும் புடிப்பாங்க. நான் தனியாப் போயி கேட்டா வம்பு, சட்டம் அது இதும்பாங்க. நீங்க குழுக்காரங்க. நீங்க போயிக் கேக்கறதுல தப்பில்லீங்க."

முத்தாயம்மாள் எழுந்தாள். கூடவே குப்பாயி, தறிப்பட்டறைக்குப் போகும் இன்னொருத்தி, கோகிலவாணி. ஏரியில் முதல் படம் அப்போதே முடிந்திருந்தது. சீக்கிரம் வாங்கிவிட்டால் இரண்டாவது படத்துக்குப் போய்விடலாம் என்று கோகிலவாணி கணக்குப் போட்டாள்.

கயல்விழியின் வீடு கோகிலவாணியின் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருந்தது. வாசலில் அவள் மகள் தமிழினி கல்லின்மேல் பள்ளிப் பையை வைத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் பத்தாவது முடித்தவள். நல்ல மதிப்பெண். பதினொன்றாவதில் சேர விண்ணப்பம் கொடுத்திருந்தாள். ஆள் முன்னால் பேசமாட்டாள். கேட்டதற்கு மட்டும், அதுவும் தரையைப் பார்த்து, பதில் சொல்லும் பெண். நான்கு பேர் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் சோப்புக் கையோடு எழுந்து நின்றாள்.

"உங்கம்மாவைக் கூப்புடு சாமி" என்றாள் முத்தாயம்மாள்.

கயல்விழி வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. "முத்தாயக்கா, மாடு செத்தது உங்களுக்குத் தெரியாதுங்களா? உடம்பெல்லாம் கழலை கண்டு நின்ன எடத்துலயே விழுந்துருச்சு. அது பாலு கறந்த வரைக்கும் நான் ஒரு செவ்வாய் தவறுனதுண்டா?"

"மாட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் போட்டயே."

"ஆதார்ல ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேருன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. திருத்திக் குடுக்க அலைஞ்சுட்டுத்தானுங்க்கா இருக்கறேன்."

"அதெல்லாம் உன்ற பாடு. எங்க நாலு பேருத்து பேரு என்னாவறது?" முத்தாயம்மாள் வாசலிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பணம் வந்தாத்தான் எந்திரிப்போம்" என்றாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். குப்பாயி மட்டும் கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாக, துக்கம் கேட்க வந்தவள்போல் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கயல்விழி பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அண்ணன் வீட்டுக்கு போன் செய்தாள். கொஞ்சம் கிடைத்தது, போதவில்லை. தமிழினி நான்கு பேருக்கும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முத்தாயம்மாள் குடித்தாள்.

வெயில் ஏறியது. ஏரியில் இரண்டாவது படம் எடுத்து முடிந்திருக்கும் என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. அன்றைய கூலி போயிற்று. பண்ணையில் இரண்டாம் நடை முட்டையும் பொறுக்கவில்லை, அதற்கும் பிடிப்பார்கள். சேலத்தில் மகளின் இடம் கண் முன்னால் நின்றது. அவளுக்குக் கயல்விழிமேல் கோபம் வந்தது. மாடு செத்ததற்குக்கூடக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தின் நடுவில்தான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றியதும் அதை உதவி என்றே நினைத்தாள்.

"கயலு, நான் ஒண்ணு சொல்றேன். பண்ணையில மூணாவது கோழி செட்டுக்கு ஆளு வேணும்னு காளியண்ணன் கேட்டுட்டே இருக்கறார். அட்வான்ஸ் குடுப்பாங்க. ரெண்டு வருஷம் வேலையில கழிச்சுக்குவாங்க. இந்தத் தவணை, மீதித் தவணை எல்லாத்தயும் அடைச்சுப்போடலாம்."

கயல்விழி அவளைப் பார்த்தாள். "நான் எப்படிங்க்கா வாரது? நானும் அவரும் தறிக்காரர்கிட்ட அட்வான்ஸ்ல இருக்கறோம். அது முடியாம நவுர உடமாட்டாங்க."

நான்கு பேரின் கண்ணும் மெல்லத் திரும்பித் துவைகல் பக்கம் போனது. தமிழினி பையை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே வருஷந்தான்" என்றாள் கோகிலவாணி. "அப்பறம் படிச்சுக்கட்டும். இப்பெல்லாம் ஊட்டுல இருந்துட்டே எழுதறாங்க. நானும் அதே பண்ணையிலதான இருக்கறேன். கூட்டிட்டுப் போயிக் கூட்டியாரேன். என்ற புள்ளையாட்டப் பாத்துக்கறேன்."

கயல்விழி நிதானமாகக் கேட்டாள். "உங்க நிலாவ அனுப்புவீங்களாக்கா?"

"நிலாவுக்கு சீட்டு கெடைச்சுருச்சு கயலு" என்றாள் கோகிலவாணி.

இதைச் சொன்னபோது அவள் குரலில் கொடுமை எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அதைக் கேட்ட யாருக்கும் அதில் தவறு இருப்பதாகத் தோன்றவும் இல்லை. கயல்விழி மகளை உள்ளே கூட்டிப்போனாள். உள்ளே சிறிது நேரம் பேச்சுக் குரல் கேட்டது, கயல்விழியின் குரல் மட்டும். பிறகு வெளியே வந்து, "கேளுங்க" என்றாள்.

கோகிலவாணியே காளியண்ணனுக்கு போன் செய்தாள். பண்ணை மேனேஜர் அவர். எதிர்முனையில் அவர் கேட்ட முதல் கேள்வி வயது.

"பதினஞ்சு முடிஞ்சுதுங்க."

"ஆரு கேட்டாலும் பதினெட்டுன்னு சொல்லச் சொல்லு. பணத்தைச் சாயங்காலம் வாங்கிக்க."

சாயங்காலம் பணம் வந்தது. தெருமுனையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு காத்திருந்த நவீன்குமார் கொட்டகைக்கு வந்து எண்ணி வாங்கிக்கொண்டான். "ரொம்ப சந்தோசங்க்கா. எல்லாரும் ஒருக்கா கை தட்டிருங்க" என்றான். தட்டினார்கள். கயல்விழியும் தட்டினாள். வழக்கம் அது.

மூன்று வாரத்தில் புதுக்கடன் வந்தது. ஐந்து பேரும் எடுத்தால்தான் யாருக்கும் கிடைக்கும் என்பதால் கயல்விழியும் எடுத்தாள். அவளுக்கு வெளியே மாட்டுக்கு வாங்கிய கைமாற்று ஒன்று வட்டியோடு நின்றது. கோகிலவாணிக்குச் சொன்ன தொகையில் காப்பீடு, சேவைக் கட்டணம், பழைய பாக்கி என்று பிடித்தது போக வந்தது குறைவு. குறைந்ததை வியாழக்கிழமைக் கம்பெனியில் கேட்டுச் சரிக்கட்டினாள். நிலா சேலத்துக்குப் போனாள்.

போகும் நாளன்று நிலா பெட்டியைக் கட்டிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தாள். சிறுவயது முதல் இரண்டு பேரும் ஒன்றாகவே பள்ளிக்குப் போனவர்கள். "தமிழினிகிட்ட என்னன்னும்மா சொல்லிட்டுப் போறது?" என்று கேட்டாள்.

"போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றாள் கோகிலவாணி. நிலா எதிர்வீட்டுக்குப் போகவில்லை. நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

தமிழினி பண்ணைக்கு வர ஆரம்பித்தாள். கோகிலவாணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காலையில் கதவைத் தட்டிக் கூட்டிப்போவாள். கூண்டுகளுக்கு நடுவே எப்படி நடப்பது, கொத்தும் கோழியின் பக்கம் கையை எப்படிக் கொண்டுபோவது என்று சொல்லிக்கொடுத்தாள். "ரெண்டு விரலுல எடுக்காத சாமி. உள்ளங்கையில ஏந்தி எடு. கீறல் உழுந்தா நம்ம கணக்குல எழுதிருவாங்க." தமிழினி சொன்னபடியே செய்தாள். வேகமாகக் கற்றுக்கொண்டாள். பள்ளியிலும் அவள் அப்படித்தான் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். தீவனத் தூசியில் மட்டும் இருமிக்கொண்டே இருந்தாள். கோழி எச்சத்தின் நெடியில் கண்ணில் நீர் ஒழுகும். முதல் மாதம் எல்லோருக்கும் அப்படித்தான், பிறகு பழகிவிடும் என்றார் காளியண்ணன். பழகியும்விட்டது.

பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வீடு தேடி வந்தார். "நல்லாப் படிக்கிற பொண்ணு, சேர்த்துவிடுங்க, புத்தகம் சைக்கிள் எல்லாம் இலவசம்" என்றார். கயல்விழி காபி வைத்துக் கொடுத்தாள். "அவ சித்தி ஊட்டுக்குப் போயிருக்கறாங்க" என்றாள். ஆசிரியை மறுபடி ஒருமுறை வந்தார். பிறகு வரவில்லை.

ஒருநாள் காலை, முட்டைத் தட்டுகளை அடுக்கி முடித்துவிட்டு இருவரும் செட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தமிழினி தானாக எதுவும் பேசுவதில்லை என்பதால் அவள் வாயைத் திறந்ததும் கோகிலவாணி ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"பெரிம்மா, இங்க உங்களுக்கு நாளுக்கு எவ்வளவு தராங்க?"

கோகிலவாணி சொன்னாள்.

"ஏரி வேலைக்குங்க?"

அதையும் சொன்னாள். "எங்க தராங்க? பாக்கி நிக்குது" என்று சேர்த்துக்கொண்டாள்.

"துண்டு முடிச்சுக்கு?"

"நூறு துண்டுக்கு இவ்வளவுன்னு. ஏன் சாமி, நீயும் முடிச்சுப் போடறயா? வாங்கித் தரட்டுமா?"

தமிழினி கையைப் பாவாடையில் துடைத்தாள். "இல்லீங்க. அன்னிக்கு எங்க ஊட்டு வாசல்ல நாள் பூரா உக்காந்திருந்தீங்களே, அந்த வேலைக்கு கம்பெனிக்காரங்க எவ்வளவு தந்தாங்க?"

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தாள். தமிழினியின் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. உலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூலி இருக்கிறது என்பதை இந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்ட பெண், தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அதுக்கெல்லாம் தரமாட்டாங்க."

"அப்பச் சும்மாவா பண்ணுனீங்க?" என்றாள் தமிழினி. பதிலுக்கு நிற்காமல் மூன்றாவது செட்டுக்குப் போய்விட்டாள். இரண்டாவது வரிசைக் கோழிகளுக்கு இன்னும் தீவனம் போடவில்லை.

கோகிலவாணி ஏரிக்கு ஓட வேண்டும். ஓடவில்லை, நடந்தாள். அன்று முதல் படத்தில் அவள் முகம் இல்லை.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பண்ணைக்காரர் ஒரு முட்டை கீறினால் பிடிக்கிறார், ஆனால் பொறுக்கியதற்குத் தருகிறார். தறிக்காரர் கணக்கில் ஏமாற்றுகிறார், ஆனால் முடிச்சுக்குத் தருகிறார். இந்தக் கம்பெனிக்கு அவள் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தாள். வாசலில் உட்கார்ந்தாள், யோசனை சொன்னாள், போன் செய்தாள், பணத்தை வரவழைத்தாள். தன் ஏரிக் கூலியையும் பண்ணைக் கூலியையும் அதற்காக இழந்தாள். நவீன்குமாருக்கு அந்த வசூலுக்கு மாதச் சம்பளம் உண்டு. அவளுக்குக் கை தட்டல் கிடைத்தது. புதுக்கடன் கிடைத்ததே என்று மனதைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். அதற்கும் வாரா வாரம் வட்டியோடு கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

காளியண்ணனிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். "அந்தப் புள்ளைய உட்ருங்க. அந்த அட்வான்ஸை என்ற கணக்குல ஏத்திக்குங்க."

காளியண்ணன் சிரித்தார். "உன்ற கணக்குல இன்னொரு முட்டை வெக்க எடமிருக்குதா? போ, போயி வேலையப் பாரு." அவர் சொன்னது சரிதான். அவளிடம் விற்பதற்கு இனி எந்த நேரமும் மீதி இல்லை.

பதினொன்றாவது வகுப்புச் சேர்க்கை முடிந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை. தகரக் கொட்டகையில் மழைச் சத்தத்துக்கு மேல் உறுதிமொழி சொன்னார்கள். நான்கு குரல்தான். குப்பாயி வரவில்லை. மழையில் ஏரி வேலை நின்று போயிருந்தது. பழைய கூலியும் வரவில்லை. குப்பாயிக்கு வேறு வேலை எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

நவீன்குமார் கைப்பேசியைப் பார்த்தான். போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முத்தாயம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தறிப்பட்டறைக்காரி எழுந்தாள். கயல்விழியும் எழுந்தாள்.

கோகிலவாணி எழவில்லை.

"ஏம்புள்ள, கால் மரத்துப் போச்சா?" என்றாள் முத்தாயம்மாள்.

"நான் வல்லீங்க்கா."

"வல்லீன்னா? அடுத்த லோனு வேண்டாமாக்கும் உனக்கு? உம்புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் பீஸு கட்டோணும். மறந்துட்டயா?"

"மறக்கல. எனக்கு மூணு வேலைன்னு நெனச்சுட்டு இருந்தேன். நாலாவதா ஒரு வேலையும் பாத்துட்டு இருந்திருக்கறேன். கூலியில்லாத வேலை. கம்பெனி நம்மகிட்டப் பணத்தைக் குடுத்துட்டு, வசூல் பண்ணற வேலையையும் நம்ம தலையிலயே கட்டிருச்சு. அதச் செய்யறதுக்கு நம்ம பொழப்பக் கெடுத்துக்கறோம். பக்கத்து ஊட்டுப் புள்ளையோட படிப்பக் கெடுக்கறோம். செஞ்சு முடிச்சுட்டுக் கையும் தட்டறோம்."

கயல்விழி அவளைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கோகிலவாணி அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். கயல்விழி தன் பக்கம் உட்காருவாள் என்று எதிர்பார்த்தாள்.

கயல்விழி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். "இன்னிக்கு உங்களுக்கு ஞானம் வந்துருச்சுங்க்கா. சந்தோசம். நான் என்ற புள்ளைய அனுப்பிட்டுத்தான் இந்தத் தவணையக் கட்டறேன். எனக்கு ஆரும் பாவம் பாக்கல. குப்பாயக்காளுக்கு மட்டும் நான் எதுக்குப் பாக்கோணும்?"

"அப்படி நெனைக்கறதாலதான் கயலு இது ஊட்டுக்கு ஊடு போயிட்டே இருக்குது" என்றாள் கோகிலவாணி.

கயல்விழி மழையில் இறங்கி முன்னால் போன இருவரோடு சேர்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் அடுத்த தெருவிலிருந்து முத்தாயம்மாளின் குரல் கேட்டது. "குப்பாயி! கதவத் தொற! பணம் வந்தாத்தான் எந்திரிப்போம்!"

நவீன்குமார் நாற்காலியில் அசைந்தான். "அக்கா, நீங்களும் ஒரு நடை போயிருக்கலாமுங்க. சிஸ்டத்துல உங்க பேரயும் சேத்துத்தான் தவறுன குழுன்னு காட்டும். அடுத்த லோனு வராதுங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது."

"வராது. தெரியும்" என்றாள் கோகிலவாணி. நிலாவின் இரண்டாம் வருடப் பணத்துக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழினியின் இரண்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மடியிலிருந்து அந்த வாரத் தவணையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நான் வாங்குனது கடன். அதச் செத்தாலும் கட்டறேன் சாமி. ஆனா இன்னொருத்தி வாசல்ல உக்காரறதுக்கு நான் கையெழுத்துப் போடல. அந்த வேலைக்கு ஆளு வேணுமுன்னா உங்க கம்பெனியக் கூலி குடுத்து வெச்சுக்கச் சொல்லு. ஏழைய ஏழை மேல ஏவி உட்டாப் போதும், கம்பெனிக்கு வேற அடியாளே வேண்டாம். அது எனக்கு ஒரு புள்ளையோட படிப்புப் போனதுக்கு அப்பறந்தான் வெளங்குச்சு. ஊருல மத்தவங்களுக்காவது முன்னாலயே வெளங்கோணும்."